கார் இல்லாமல் கோர்ன்வால்

யோகமலர் கோர்ன்வாலைக் கண்ணால் கண்டதில்லை. இங்கிலாந்து மண்ணில் அவள் கால் பட்டது ஒரே தடவைதான். அகதியாகக் கனடாவுக்கு வரும் வழியில், விமானம் மாறுவதற்காக, கழிப்பறைக்குப் போகவும் பயந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்த நேரம் அது. இருந்தும், ரொறன்ரோவில் அவள் குடியிருந்த மில்லிக்கனிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்த அந்த உல்லாசப் பயண நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, கார் ஓட்டாமல் கோர்ன்வாலைச் சுற்றிப் பார்க்க வழியுண்டா என்று கேட்கிறவர் எவராக இருந்தாலும், அழைப்பு கடைசியில் அவளுடைய மேசைக்குத்தான் வந்து சேரும்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற மாவட்டம் அது. கனடாவின் அகலத் தெருக்களில் ஓடிப் பழகியவர்கள் அங்கே வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மதில் மாதிரி வேலி எழுந்து நிற்கிற ஒழுங்கைகளுக்குள் மாட்டுப்பட்டு, எதிரே வருகிற உழவு இயந்திரத்துக்கு வழிவிடப் பின்னால் எடுக்கத் தெரியாமல் கண்கலங்கி நின்ற கதைகள் நிறுவனத்தில் நிறையவே இருந்தன. அதனால் வயது போனவர்கள் ரயிலையும் பஸ்ஸையும்தான் கேட்டார்கள். யோகமலர் சொல்லுவாள். லண்டனில் ஏறினால் பென்சான்ஸில் தண்டவாளம் முடியுமட்டும் இருக்கலாம். சென் ஐவ்ஸ் போவதென்றால் முன்னதாகவே இறங்கிக் கடலோரம் ஓடும் குட்டி ரயிலுக்கு மாறவேண்டும். வலப்பக்க யன்னலைப் பிடித்தால் கடல் முழுவதும் தெரியும். கோடையில் பஸ்ஸின் மேல்தட்டில் கூரையில்லை, தொப்பி பறக்கும், கவனம். மரசாயன் என்ற கிராமத்துக்கு முன்னால் கடலுக்குள் ஒரு குன்றும் அதன் மேல் ஒரு கோட்டையும் இருக்கின்றன. கடல் வற்றியிருக்கும்போது கல் பாவிய பாதையால் நடந்தே போகலாம்; கடல் ஏறிவிட்டால் படகுதான்.

அங்கே எத்தனை தடவை போயிருக்கிறாய் என்று கேட்பவர்களும் உண்டு. அவள் சிரித்து மழுப்புவாள்.

அவளுக்கே கார் ஓடத் தெரியாது. மில்லிக்கனில் பால் வாங்கப் போவதற்கும் காரை எடுக்கிற சனத்துக்கு நடுவில், பஸ் தரிப்பிடத்தில் குளிர் அங்கியின் தலைமூடியை இழுத்து மூடிக்கொண்டு நிற்கிற தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். கணவன் அருள்நாயகம் ஒரு காலத்தில் பிளாசாவின் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் ஓடப் பழக்கிப் பார்த்தார். மூன்றாம் கிழமை இருவரும் ஒருவரோடொருவர் கதைக்காமல் வீடு திரும்பினார்கள். அதோடு அந்தப் படிப்பு முடிந்தது. அருள்நாயகம் ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் சுமை தூக்கி இயந்திரம் ஓட்டுகிறவர். ஆள் நல்லவர், ஆனால் தான் சொல்வதுதான் சரி என்று பிறக்கும்போதே முடிவெடுத்துவிட்டவர். பிள்ளைகள் இல்லை. வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறையில் நாலு பேரோடு இருந்து, டோனட் கடையிலும் துணி வெளுக்கும் இடத்திலும் நின்று, வேலை முடிந்து ஆங்கில வகுப்புக்குப் போய், ஒரு வழியாக அவள் கதிரையில் இருந்து கதைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். உழைத்ததில் பாதியை ஊரிலிருந்த தங்கைக்கு அனுப்பினாள்.

அந்த வேலையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, தெரியாது என்று சொல்லக்கூடாது. தெரியாவிட்டால், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லவேண்டும். இரண்டாவது சட்டம்தான் பெரிய சட்டம். இருக்கிற வழிகளையெல்லாம் சொல்லலாம். அவற்றில் எது நல்லது என்று சொல்லக்கூடாது. முன்னர் யாரோ ஒரு பெண், நடந்து போங்கள், அழகாக இருக்கும் என்று ஒரு வயதான தம்பதிக்கு வாய்தவறிச் சொல்லப்போய், அவர்கள் ஈரக் கல்லில் வழுக்கி விழுந்து, அந்தச் சொல்லே நிறுவனத்தின் கழுத்துக்குக் கயிறாக வந்ததாம். ஆகவே எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும், அது உங்கள் வசதியைப் பொறுத்தது என்பதோடு நிறுத்தவேண்டும். யோகமலர் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. வேலையில் மீறியதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, சித்திரை வருசம் பிறந்து வந்த முதல் சனிக்கிழமை காலை. அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றாள். அருள்நாயகம் தமிழ்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். கொஞ்ச நாளாக அவருக்குச் சாப்பாடும் அங்கேதான். ஊரில் சண்டை நடந்த வன்னியின் வரைபடத்தில் சனம் அடைபட்டுக் கிடந்த இடம் ஒவ்வொரு நாளும் சுருங்கி, இப்போது கடலுக்கும் நந்திக்கடல் ஏரிக்கும் நடுவில் ஒரு நாடா மாதிரித் தெரிந்தது. அந்த நாடாவுக்குள்தான் அவளுடைய தங்கை இராஜேஸ்வரி, தங்கையின் கணவன் சிவபாதம், அவர்களுடைய ஒரே மகள் நிலானி மூவரும் இருந்தார்கள். நிலானிக்குப் பத்தொன்பது வயது. இளம் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று, ஒரு வருடமாக அவளை வெளியே தலை காட்ட விடாமல் பங்கருக்குள், மண்ணில் தோண்டிய பதுங்குகுழிக்குள், ஒளித்து வைத்திருந்தார்கள். யாருக்கு ஒளித்தார்கள் என்று அருள்நாயகம் கேட்டதில்லை, யோகமலரும் சொன்னதில்லை. அந்த வீட்டில் சில கதைகள் அப்படித்தான் கதைக்கப்படாமல் இருந்தன.

தொலைபேசி அடித்தது. நீளமான, அறிமுகமில்லாத இலக்கம்.

"அக்கா, நான் ராசேஸ். யாரோ ஒராளின்ர சற்றலைற் போன். கனக்கக் கதைக்கேலாது."

குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஒவ்வொரு சொல்லும் பிந்தி வந்தது. பக்கத்துப் பங்கர்க்காரர் இன்று இருட்டினதும் ஏரிக்குள் இறங்கி அந்தப் பக்கம் போகப் போகிறார்களாம். சிவபாதம் தாங்களும் போவோம் என்று நிற்கிறாராம். போகிறவர்களை இந்தப் பக்கத்தாலும் சுடுகிறார்களாம், அந்தப் பக்கத்தாலும் சுடுகிறார்களாம். நிலானிக்குக் காலில் துப்பாக்கிச் சன்னம் பட்டு வீங்கியிருக்கிறதாம். தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாள் இராஜேஸ்வரி. நீங்கள் வெளியில் இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள்தானே, உலகம் என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

யோகமலருக்கு வேலைப் பழக்கம்தான் முதலில் வாயில் வந்தது. ஏரியால் போகலாம். இந்த மாதத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும். இல்லாவிட்டால் தெற்கே இறங்கி வட்டுவாகல் பாலத்துக்குப் போகிற ரோட்டு இருக்கிறது. இல்லாவிட்டால் காயப்பட்டவர்களை ஏற்றுகிற செஞ்சிலுவைக் கப்பல் வருகிறதாம், நிலானியின் காலைக் காட்டிப் பார்க்கலாம். சொல்லும்போதே, அழைப்பவர் ஒருவருக்குச் சொல்வதுபோலத் தன் குரல் நிதானமாக வந்தது அவளுக்கே தெரிந்தது.

"வழி எங்களுக்கும் தெரியும் அக்கா. எது எண்டு சொல்லுங்கோ. போகவோ, நிக்கவோ?"

அருள்நாயகம் எழும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"நிக்கச் சொல்லும்," என்றார். "இஞ்ச சனம் ரோட்டில இறங்கீற்றுது. ரெண்டு கிழமைக்குள்ள சண்டை நிக்கும். இப்ப போய்த் தண்ணிக்குள்ள சாக வேண்டாமெண்டு சொல்லும்."

யோகமலர் அவரைப் பார்த்தாள். தொலைக்காட்சியைப் பார்த்தாள். ரொறன்ரோவில் இளம் பிள்ளைகள் கொடியோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இத்தனை சனம் நின்று கத்தினால் யாருக்காவது கேட்காதா என்று அவளும் நம்பினாள். அதை அருள்நாயகத்தின் தலையில் மட்டும் போட முடியாது.

"நில் பிள்ளை," என்றாள். "இப்ப இறங்காத."

சற்றுப் பிந்தி, "சரி அக்கா," என்று வந்தது. அதோடு தொடர்பு அறுந்தது.

திங்கட்கிழமை, பல்லாயிரம் சனம் ஏரியைக் கடந்துவிட்டது என்று செய்தி வந்தது. மேலிருந்து எடுத்த படத்தில், தலையில் மூட்டையோடும் தோளில் பிள்ளையோடும் மனிதர்கள் எறும்பு மாதிரித் தண்ணீருக்குள் நகர்ந்தார்கள். யோகமலர் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். நெஞ்சளவுத் தண்ணீரில் போகிற யாருடைய முகமும் தெரியவில்லை. சொல்வழி கேளாத பிறவி, ராசேஸ் கட்டாயம் இறங்கியிருப்பாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கை தன் சொல்லைக் கேட்டிருக்கக்கூடாது என்று நேர்த்தி வைத்தாள்.

வேலைத் தலத்தில் அவள் இதைச் சொன்னது ஸகியாவுக்கு மட்டும்தான். ஸகியா அடுத்த மேசை. ஸ்கொட்லாந்துப் பக்கத்து அழைப்புகளைக் கவனிப்பவள். முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் தண்ணீரூற்றில் பிறந்தவள். இருவரும் ஒரே ஏரியைச் சுற்றிப் பிறந்தவர்கள் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அந்த ஏரியைப் பற்றி அவர்கள் கதைத்துக்கொண்டதில்லை. ஸகியாவுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, ஊரிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேறவேண்டும் என்று ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கம் அறிவித்தது. அவளுடைய வாப்பா கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு, நோயாளியான மனைவியைச் சைக்கிளில் இருத்தி, காட்டுப் பாதையால் வவுனியா வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தவர். யோகமலர் அப்போது பார்க்டேலில் இருந்தாள். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, பாவங்கள் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுச் சோறு வடித்தது அவளுக்கு நினைவிருக்கிறது.

சாப்பாட்டு அறையில் யோகமலர் சொல்லி முடித்ததும் ஸகியா கரண்டியை வைத்தாள்.

"ஏன் அக்கா நீங்க சொன்னீங்க? அங்க நின்று பாக்கிறவங்களுக்கெல்லோ தெரியும்."

"அவள் கேட்டவள்."

"கேட்டா?" என்றாள் ஸகியா. பிறகு, "எங்கட வாப்பாக்கும் ஒருத்தர் முடிவு சொன்னவங்கதான். ஒரு வழிதான் தந்தவங்க. ஆனா அவர் ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல," என்றாள். சொன்னபின், சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்தவள்போல, தன் டப்பாவிலிருந்த வட்டிலப்ப இனிப்பில் பாதியை வெட்டி யோகமலரின் டப்பா மூடியில் வைத்தாள். யோகமலர் அதைச் சாப்பிட்டாள். வேறு என்ன செய்வது?

வைகாசி பிறக்கவில்லை, ஆனால் கனடாவில் அன்னையர் தினம் வந்தது. அன்று பின்னேரம் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறிக் குந்திவிட்டது. அருள்நாயகத்தோடு யோகமலரும் போனாள். காரில்கூட அவள் கண்ணை மூடிக்கொண்டு போகிற அந்தச் சாலையில், நடு ஓடுபாதையில், பிள்ளை வண்டிகளோடு நின்ற பெண்களுக்கு நடுவில் கோடு போட்ட தாரின் மேல் இருந்தாள். இரண்டு பக்கமும் கார்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் நின்றன. எல்லாரும் கத்தினார்கள், அவளும் கத்தினாள். ராசேஸ் இறங்கியிருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு முகாமிலிருந்து ஒரு சொல் வந்திருக்கும் என்ற கணக்கு மட்டும் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வரவில்லை. ஆகவே நிற்கிறாள். தன் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மறுநாள் வேலைத் தலத்தில், நேற்று வீட்டுக்குப் போகவே முடியவில்லை, இவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கோப்பி இயந்திரத்தடியில் நின்று சொன்னாள். யோகமலர் கோப்பையில் பாலை ஊற்றிக்கொண்டு திரும்பிவிட்டாள். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டிருக்கிறதா என்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

யுத்தம் முடிந்த அன்று கனடாவில் மகாராணியின் பெயரால் விடுமுறை. தொலைக்காட்சியில் பைத்தியம் பிடித்தவர்கள்போல ஒருவர் மாறி ஒருவர் கதைத்தார்கள்; பிறகு பாட்டுப் போட்டார்கள். பொழுதுபட, அந்த நாளுக்கு வழக்கமானபடி எதிர்வீட்டுப் பிள்ளைகள் தெருவில் வாணம் விட்டார்கள். முதல் வெடிக்கு அருள்நாயகம் எழும்பி வீட்டு யன்னல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். கடைசி யன்னலடியில் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார். அவர் அழுததை யோகமலர் பார்த்தது அவருடைய தாய் செத்ததற்குப் பிறகு அன்றுதான். அவள் போய்த் தோளைத் தொடவில்லை. தொட்டிருக்கலாம். கை எழவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மூன்றாவதோ நாலாவதோ அழைப்பு, கிங்ஸ்ரனிலிருந்து ஒரு கிழவர். மனைவிக்கு முழங்கால் வருத்தமாம். ஆவணியில் மரசாயனுக்குப் போகிறார்களாம். யோகமலர் சொன்னாள்: பென்சான்ஸிலிருந்து பஸ் இருக்கிறது, டாக்சியும் பிடிக்கலாம். அங்கிருந்து குன்றுக்கு, கடல் வற்றினால் நடக்கலாம், ஏறினால் படகு. கிழவர் கவனமாகக் கேட்டுவிட்டு, நீ என்றால் எதில் போவாய் என்றார். அது உங்கள் வசதியைப் பொறுத்தது என்றாள். அவர் சிரித்து, அது தெரியும் அம்மா, நீ அந்த இடத்தை நன்றாக அறிந்தவள்போல இருக்கிறாய், நீ சொன்னால் நாங்கள் அதையே செய்வோம் என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். மறுமுனையில் கிழவர் ஹலோ, ஹலோ என்றார். ஸகியா எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், கை நீட்டி அந்த அழைப்பைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். யோகமலர் தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தானாகவே கேட்டு, தொலைபேசியிலிருந்து மாறி, பயணச்சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டுகிற பகுதிக்குப் போனாள்.

கோடை நடுவில், மறுபடியும் ஒரு சனிக்கிழமை, அடுப்பில் பருப்பு இருந்த நேரம், தொலைபேசி அடித்தது. இந்தத் தடவை குரல் கிட்டத்தில் கேட்டது. இராணுவம் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் யாரோ களவாக வைத்திருந்த போன்.

இராஜேஸ்வரி அழவில்லை. அழுது முடித்துக் கன நாளான குரல். தானும் நிலானியும் உயிரோடு இருப்பதாகச் சொன்னாள். நிலானியின் காலை வெட்டவில்லை, நொண்டுகிறாள் என்றாள். சிவபாதம் முள்ளிவாய்க்காலில், வைகாசி பிறந்த அடுத்த நாள், தண்ணி எடுக்கப் போன இடத்தில் ஷெல் குண்டு விழுந்து முடிந்துவிட்டார். பங்கருக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு வந்ததாகச் சொன்னாள். கடைசியில் ரோட்டால்தான் வந்தார்களாம், வட்டுவாகல் பாலத்தால்.

"அண்டைக்கு ஏரியால போன பக்கத்துப் பங்கர்க்காரர் முழுப் பேரும் இஞ்சதான் இருக்கினம், எங்கட வரிசைக் கொட்டிலிலதான்," என்றாள். "இவர் கடைசி மட்டும் போவம் போவம் எண்டுதான் நிண்டவர். அக்கா நிக்கச் சொன்னவ எண்டு நான்தான் மறிச்சனான்."

குற்றம் சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். யோகமலர் அடுப்பை நிறுத்தினாள். சுவரில் சாய்ந்தாள். அருள்நாயகம் வாசலில் வந்து நின்றார். தொலைபேசிக் குரல் அந்தச் சின்ன வீட்டில் அவருக்கும் கேட்டிருக்கவேண்டும். கழுவும் தொட்டிக்குப் போய், கழுவிக் கிடந்த கோப்பையையே திரும்ப எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

இராஜேஸ்வரி மேலே சொல்லிக்கொண்டு போனாள். காசு வாங்கிக்கொண்டு முகாமிலிருந்து ஆட்களைக் களவாக வெளியே எடுத்து விடுகிறவர் ஒருவர் இருக்கிறாராம். பிடிபட்டால் நிலானியைத்தான் கொண்டுபோவார்கள். பேசாமல் இருந்தால் எப்போதாவது விடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் இளம் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினாள்.

"எது அக்கா? இனி எனக்குச் சொல்லவும் ஒருதரும் இல்ல."

அருள்நாயகம் தண்ணீரை நிறுத்தித் திரும்பினார். வாய் திறக்கப் போனார். யோகமலர் கையை உயர்த்தி, உள்ளங்கையை அவருக்கு நேரே காட்டினாள். அவர் நின்றுவிட்டார்.

வழிகள் அவளுடைய நாக்கில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் அவள் வெளியே விடவில்லை.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றாள்.

மறுமுனையில் யாரோ இருமுவது கேட்டது. ஒரு குழந்தை அழுதது.

"அண்டைக்கும் உதைச் சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள் இராஜேஸ்வரி.

கோபமில்லை. சோறு குழைந்துவிட்டது என்று சொல்கிற குரல். யோகமலர் ஓம் என்றாள்.

பிறகு தங்கையே கதையை மாற்றினாள். போன்காரன் கையைக் காட்டுகிறான், வைக்கவேண்டும் என்றாள். நிலானியின் கண்ணாடி பாலத்தடியில் உடைந்துபோய்விட்டது, இரண்டு மாதமாகப் பிள்ளை தடவித் தடவித்தான் நடக்கிறாள், வவுனியாவில் யாரிடமாவது கொடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அனுப்புகிறேன் என்றாள் யோகமலர். கட்டாயம் அனுப்புகிறேன் என்று இன்னொரு தடவை சொல்லும்போது தொடர்பு போய்விட்டிருந்தது.

அருள்நாயகம் கோப்பையைத் துடைத்து, வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார்.

"என்னவாம்?" என்றார்.

"நிலானிக்குக் கண்ணாடி வேணுமாம்."

அவர் தலையாட்டினார். ஏதாவது ஒன்றைத் தன்னால் செய்ய முடியும் என்று கண்ட மனிதரின் அவசரத்தோடு கார்ச் சாவியைத் தேடினார். சாவி கையில் அகப்பட்டதும் நின்றார்.

"என்ன நம்பர் கண்ணாடி எண்டு கேட்டனீரே?"

யோகமலர் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். இலக்கம் தெரியாத அழைப்பு என்று அதில் இருந்தது. அவள் கேட்கவில்லை.